வியாழக்கிழமையின் திகதி

இதில் வருகிறவர்களின் பெயரை எழுதவில்லை. ஆண்டையும் எழுதவில்லை. என் நாட்குறிப்புகளில் இரண்டும் இருக்கின்றன. என் சிநேகிதனின் மகள் இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறாள். தகப்பனைப் பற்றி எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவளுடைய உரிமை. நான் எழுதுவது நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும். அதற்கு மாதமும் கிழமையும் போதும்.

யுத்தத்தின் நடுப்பகுதியில் ஒரு சித்திரை மாதம், குருக்கள்மடத்தில் எங்கள் வாசிகசாலையின் பின்னறைக்கு ஒரு கணினி வந்தது. கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்தது. தந்தவர்கள் ஒரு சிறிய ஜெனரேற்றரும் நிழற்பிரதி எடுத்த ஓர் ஆங்கிலக் கைநூலும் சேர்த்துத் தந்தார்கள். நான் அப்போது அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞன். வாசிகசாலையின் செயலாளரும் நானே. அங்கிருந்த புத்தகங்களை எல்லாம் வாசித்து முடித்துவிட்டிருந்தேன். இது ஒன்றுதான் வாசிக்காத புத்தகம் என்று நினைத்து அறைச் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

சிநேகிதன் படுவான்கரையில் கணக்கு வாத்தியார். என்னோடு படித்தவன், என் வயது. கல்யாணம் முடித்து மனைவி வீட்டோடு வாவிக்கு அந்தப் பக்கம் போய்விட்டவன். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்த் துறைக்குப் 'பாதை'யில் வருவான். வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். இந்தக் கரையில் ஏறியதும் சோதனைச்சாவடி. அடையாள அட்டை, சைக்கிள், சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் காட்டி வர ஒன்பதரை ஆகும். மாலை நான்கு மணிக்குள் திரும்ப வேண்டும். எங்களுக்கிருந்த நேரம் அவ்வளவுதான். அதிலும் மின்சாரம் வந்தால், அல்லது ஜெனரேற்றருக்கு எண்ணெய் கிடைத்தால்.

அவனுக்கு ஒரு காரியம் இருந்தது. அவனுடைய பாடசாலையில் பதினொரு வகுப்பு. மிச்சம் இருந்த வாத்திமார் நான்கு பேர்; ஒரு பாடத்தில் நாலு வகுப்பு போக மற்றவை தாங்களாகவே படிக்கும். யாராவது ஒருவர் வராத நாளில் நேரசூசி முழுவதும் குலையும். இருக்கிறவர்களை வைத்து அன்றைக்கே புது நேரசூசி போட்டுத் தரும் ஒரு நிரல் எழுத வேண்டும் என்றான்.

"அந்தக்கரையில கறண்டே இல்ல. நிரல வெச்சி என்ன செய்யப்போறாய்?" என்றேன்.

"நாலு வாத்தியில ஆர் வராட்டியும் நிரல் போடுற நேரசூசிய எல்லாம் நீ இஞ்ச அச்சடிச்ச மாதிரி எழுதித் தா. நான் கொண்டுபோய்ச் சுவரில ஒட்டுறன். மறுகா ஆரு வந்தா என்ன, வராட்டி என்ன."

முதல் சனிக்கிழமை கறுப்புத் திரையில் ஒரு எழுத்தும் ஒரு மினுங்கும் கோடும் மட்டும் நின்றன. அதன்பிறகு ஒன்றுமில்லை. எதையாவது கேட்கும், சொல்லும் என்று பத்து நிமிடம் காத்திருந்தோம். நாம் முதலில் பேச வேண்டும் என்பது கைநூலின் நாலாம் பக்கத்தில்தான் இருந்தது. DIR என்று அடித்தான். கோப்புகளின் பெயர்கள் ஓடி மறைந்தன. "நிப்பாட்டுடா, நிப்பாட்டு," என்று என் தோளில் அடித்தான், நான்தான் ஓட்டுகிறவன் போல. பக்கம் பக்கமாக நிறுத்த ஒரு சாய்கோடும் ஒரு எழுத்தும் போதும் என்று கண்டுபிடிக்க அடுத்த சனிக்கிழமை ஆனது. அடைவு ஒன்று உண்டாக்க, அதற்குள் போக, வெளியே வர, கோப்பை நகலெடுக்க, அழிக்க என்று வைகாசி முடியும்வரை படித்தோம். பாஸ்கல் என்ற நிரல் மொழியை ஐந்து பிளொப்பித் தட்டுகளிலிருந்து ஏற்றினோம். நாலாவது தட்டு வாசிக்கப்படவில்லை. அதற்கு ஒரு மாற்றுத் தட்டு கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை எடுத்தது.

கணினி தொடங்கும்போது தானாக ஓடும் ஒரு சிறு கோப்பு உண்டு. அதில் நாங்கள் இரண்டு வரி எழுதினோம். ஒன்று அவனுடைய வரி: எந்த அடைவில் நின்றாலும் பாஸ்கலைக் கண்டுபிடிக்க வழி சொல்வது. மற்றது என்னுடையது: ஒவ்வொரு தடவையும் திகதியையும் நேரத்தையும் கேட்பது. கணினிக்குள் நாளை நினைவில் வைத்திருக்கும் பற்றரி செத்துப்போயிருந்தது. புதிது வாங்க முடியாது. வெடிகுண்டுக்கு ஆகும் என்று தடை; அந்த நாட்களில் பற்றரி என்ற சொல்லையே சாவடிக்குப் பக்கத்தில் சொல்ல மாட்டோம். நாங்களாகச் சொல்லாவிட்டால் அது 1980 ஜனவரி ஒன்று என்று எண்ணிக்கொள்ளும்.

"மச்சான், இந்தப் பெட்டிக்குத் திகதி தெரிஞ்சு என்ன, கலியாணமா கட்டப்போகுது? ஒண்டும் அடிக்காமச் சும்மா அமத்திட்டு விடு."

"எண்பதாம் ஆண்டு எண்டு நினைக்குமே."

"நினைக்கட்டும். எண்பதில சாவடியும் இல்ல, பாதைக்கு நேரமும் இல்ல. நல்ல வருசம்."

நான் விடவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் அது கடைசியாகச் சேமிக்கப்பட்ட நாளும் நேரமும் விழுகின்றன என்பதுதான் அந்தக் கணினியில் எனக்கு மிகவும் பிடித்த விசயம். ஒரு யந்திரம் தானாக நாட்குறிப்பு எழுதுகிறது! எனக்கு அது போதும். சனிக்கிழமை தோறும் அறையைத் திறந்து, ஜெனரேற்றரை இழுத்து இயக்கி, திகதியைச் சரியாக அடித்துவிட்டுத்தான் கதிரையை அவனுக்குக் கொடுப்பேன்.

எங்கள் குறிப்புகளுக்குத் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திகதி, தொடங்கிய நேரம், மின்சாரம் நின்ற நேரம், முடித்த நேரம் எழுதுவேன். கீழே கட்டளைகளும் நிரலின் வரிகளும். அவற்றுக்கும் கீழே அவன் கையெழுத்தில் நேரசூசிப் பரிசோதனைகள்: 8.00–8.40, ஒரு எழுத்து, ஒரு எண், 8.40–9.20, இன்னொரு எழுத்து, இன்னொரு எண். எழுத்து வாத்தியாருக்கு, எண் வகுப்புக்கு.

மின்சாரம் நின்றால் அதுவரை அடித்தது எல்லாம் போகும். பாஸ்கல் வந்த முதல் மாதத்தில் மூன்று சனிக்கிழமை வேலை அப்படிப் போனது. மூன்றாவது தடவை அவன் எழும்பி வெளியே போய்க் கிணற்றடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு சட்டம் போட்டான். நாலு வரிக்கு ஒருக்கா F2 விசை. அதுதான் சேமிக்கும் விசை. வரி எழுதாவிட்டாலும், யோசித்துக்கொண்டிருந்தாலும், எழும்பினாலும், தும்மினாலும் F2. "மூச்சு விடுற மாதிரி அமத்து" என்பான். இரண்டு மாதத்தில் என் இடது கை விரல் என்னைக் கேளாமலே அதைச் செய்தது. அலுவலக மேசையில் கடிதக் கோவையை மூடும்போதும் விரல் மேசையைத் தட்டும்.

ஆடியில் ஒரு தடவை நான் பாதையேறி அவன் வீட்டுக்குப் போனேன். கடதாசி அட்டையில் விசைப்பலகையை அளவாகக் கீறி, எழுத்துகளைப் பேனையால் எழுதி வைத்திருந்தான். கிழமை நாட்களில் அதில் தட்டிப் பழகுவானாம். அவன் மனைவி என்னிடம் முறையிட்டார்.

"அண்ணே, இவரு சோத்துக் கோப்பைக்குப் பக்கத்தில அட்டைய வெச்சிட்டுத் தட்டுறாரு. என்ன எண்டு கேட்டா, பேசாம இரி, பிழை வந்திட்டு எண்டுறாரு. வெறும் அட்டையில என்னண்டு பிழை வாற?"

"அது உனக்கு விளங்காது கா," என்றான் அவன்.

"ஓம், எனக்கு விளங்காது. உங்கட மகளுக்கு விளங்கிட்டு. அவ அட்டையில கஞ்சிய ஊத்தி வெச்சிருக்கா, போய்ப் பாருங்க."

புரட்டாதியில் நிரல் ஓடியது. ஓடியது என்றால், நேரசூசி திரையில் விழுந்தது. ஆனால் மூன்றாம் பாடத்தில் ஒரே வாத்தியார் இரண்டு வகுப்பில் நின்றார். நிரலின் பதினொரு கோப்புகளில் எங்கோ ஒரு நிபந்தனை பிழை. அந்தச் சனிக்கிழமை கணினியை அணைத்துவிட்டுக் கொப்பியை வைத்து மூன்றரை மணிவரை தேடினோம். பிறகு அவன் கொப்பியை எடுத்துச் சாப்பாட்டுப் பெட்டியோடு வைத்துக் கட்டினான்.

"கொப்பி இஞ்சயே கிடக்கட்டும்," என்றேன்.

"வீட்ட கொண்டுபோய் ஒவ்வொரு வரியா நடந்து பாக்கிறன். வாற கிழம உனக்கு ஒரே வாத்தி ஒரே வகுப்பில நிப்பாரு."

"பக்கத்தைக் கிழிக்காத."

"உன்ட திகதியில ஒண்டும் தொட மாட்டன், போ."

ஞாயிறு காலை அவன் மனைவி முதற்பாதையில் வந்து எங்கள் வாசலில் நின்றார். அவன் வீடு போய்ச் சேரவில்லை. துறைச் சாவடியில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். கொப்பியைப் பார்த்துவிட்டு ஆளை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

புதன்கிழமை என் அலுவலகத் தலைவரின் கடிதத்தோடு முகாமுக்குப் போனோம். அவன் மனைவியைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கவிட்டார்கள். தூரத்தில், ஒரு வேம்பின் கீழ், அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஐந்து நிமிடம். அவன் கையைத் தூக்கினான். அவர் தூக்கவில்லை, சேலைத்தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்களுக்குப் பக்கத்தில் போக அனுமதி தரவில்லை, யன்னலால்தான் இதைக் கண்டேன். நான் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

அதிகாரி இளம் வயது. கொப்பி அவர் முன்னால் திறந்திருந்தது. பக்கத்தில் நின்றவர் தமிழில் மொழிபெயர்த்தார்.

"ஒவ்வொரு பக்கத்திலயும் திகதி, நேரம். கீழ எழுத்தும் நம்பரும், அதுக்கும் நேரம். ஆர் எந்த நேரத்தில எங்க நிக்கிற எண்டு எழுதியிருக்கு. இது ஆரப் பாத்து எழுதினது எண்டு ஐயா கேக்கிறார்."

"அது வாத்திமார் வகுப்புக்குப் போற நேரம். மேல இருக்கிற திகதியும் நேரமும் நான் எழுதினது. என்ட கையெழுத்து."

எழுதிக் காட்டச் சொன்னார்கள். எழுதினேன். அதிகாரி இரண்டையும் பார்த்தார். அவர் பயிற்சியில் கணினி படித்தவர் என்று தெரிந்தது. கொப்பியில் இருந்த கட்டளைகள் சிலவற்றை விரலால் தொட்டு ஆங்கிலத்தில் சரியாகச் சொன்னார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். கொப்பியில் இருக்கும் வேலை கணினியில் இருக்க வேண்டும். கொப்பியில் இருக்கும் திகதிகளே கோப்புகளுக்கும் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன், இரண்டும் பொருந்தினால் அன்று மாலையே ஆளை அனுப்புவேன் என்றார்.

வெளியே வந்து அவன் மனைவியிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமை வந்திடுவான். ஒவ்வொரு கோப்புக்கும் திகதி இருக்கு. நான் போட்டது."

"மெய்யாவா அண்ணே?"

"மெய்."

அவர் அப்போதுதான் அழுதார்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு எடுத்தேன். எண்ணெய் தேடி, ஜெனரேற்றரை இயக்கினேன். நாளைக்கு அதிகாரி வரும்போது ஏதாவது பழுதாகி நின்றால் என்ன செய்வது என்ற பயம். தட்டு வாசிக்கப்படாமல் போனதை மறக்கவில்லை. கணினி திகதி கேட்டது. வியாழக்கிழமையின் திகதியையும் அப்போதைய நேரத்தையும் அடித்தேன். பிறகு பாஸ்கலுக்குள் போய் அவனுடைய பதினொரு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் இருந்தன. ஒரு எழுத்தும் மாற்றவில்லை. ஒவ்வொன்றையும் மூடினேன். ஜெனரேற்றர் இரண்டு தடவை இருமியது. முடிவதற்குள் நின்றுவிடப் போகிறதே என்று பதறியது நினைவிருக்கிறது. விரல் என்ன செய்தது என்பது நினைவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அதிகாரி வந்தார். மொழிபெயர்ப்பவரும் வந்தார். அவன் மனைவி வாசிகசாலைக்கு எதிர்ப்பக்கம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நிரலை ஓட்டிக் காட்டினேன். நேரசூசி விழுந்தது. அதிகாரி தலையசைத்தார். கொப்பியின் முதற்பக்கத்தை விரித்து வைத்து, கோப்புகளின் பட்டியலைக் காட்டச் சொன்னார். பாஸ்கல் கோப்புகளை மட்டும் எடுத்துக் காட்டும் கட்டளையை அடித்தேன். பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அப்படி அடிப்பதே என் வழக்கம்.

பதினொரு வரிகள். பதினொன்றுக்கும் ஒரே திகதி. வியாழக்கிழமை, பின்னேரம் இரண்டு ஐந்திலிருந்து இரண்டு நாற்பது வரை.

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்து இன்னொரு தடவை பார்த்தார். மொழிபெயர்ப்பவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரியே என்னிடம் மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார். அந்த ஆள் சனிக்கிழமையிலிருந்து என்னிடம் இருக்கிறார். நேற்று இதை எழுதியது யார்?

சேமித்தேன், என்றேன். பழக்கம், மின்சாரம் நிற்கும், விரல் தானாகப் போகும் என்றேன். மாற்றவில்லை, சேமித்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மொழிபெயர்ப்பவர் அதை மொழிபெயர்க்கும்போது அது எவ்வளவு பொய்யாகக் கேட்கிறது என்று எனக்கே விளங்கியது. திகதி கேட்டபோது அவனைப்போல நான் சும்மா அமத்திவிட்டிருந்தால் பதினொன்றுக்கும் 1980 என்றுதான் விழுந்திருக்கும். அதற்கு ஒரு விளக்கம் இருந்தது. பற்றரி செத்தது என்று காட்டியிருக்கலாம். நேற்றுக்கு என்னிடம் விளக்கமில்லை.

அதிகாரி எழும்பினார். கோபப்படவில்லை. ஏமாற்றப்பட்ட மனிதனின் முகமாக இருந்தது. அன்று மாலைவரை என்னையும் முகாமில் வைத்து விசாரித்துவிட்டு, அரச உத்தியோகம் என்பதால் விட்டார்கள். நான் வெளியே வந்தபோது அவன் மனைவி அங்கே நின்றார். "மெசின் வேலை செய்யல்லையா அண்ணே?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன்.

பொய்யும் உண்மையும் கலந்த அந்த ஒரு சொல்லோடு மூன்று வருடம் இருந்தேன்.

மூன்று கிழமை கழித்து, பின்னறையில் தனியாக உட்கார்ந்து, பாஸ்கல் கோப்புகள் மட்டும் என்று குறுக்காமல் வெறும் DIR மட்டும் அடித்தேன். ஏன் என்று தெரியாது. பட்டியல் நீண்டது. ஒவ்வொரு பாஸ்கல் கோப்புக்கும் பக்கத்தில் அதே பெயரில் இன்னொன்று இருந்தது, பின்குறி மட்டும் வேறு. புதிதாகச் சேமிக்கும்போது முன்னிருந்ததை அந்த மொழி அழிப்பதில்லை. பெயர் மாற்றிப் பழைய திகதியோடே வைத்துவிடுகிறது. கைநூலில் அது எழுதப்பட்டிருந்தது, நாங்கள் வந்து சேராத ஒரு பக்கத்தில். பதினொரு பழைய கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சனிக்கிழமை. கொப்பியின் பக்கங்களோடு ஒவ்வொன்றும் பொருந்தும். வெள்ளிக்கிழமை அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் அவை அங்கேதான் இருந்தன, நான் அடித்த கட்டளைக்கு வெளியே.

பட்டியலைக் கையால் எழுதி, கோப்புகளைத் தட்டில் ஏற்றி, அதே நாள் முகாமுக்கு ஓடினேன். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். என் சிநேகிதனைப் பத்து நாளைக்கு முன்னர் தெற்கில் ஒரு சிறைக்கு அனுப்பியிருந்தார்கள். புதியவர் கடதாசியை வாங்கிப் பார்த்து, தட்டைத் திருப்பிப் பார்த்து, இரண்டையும் மேசை லாச்சிக்குள் வைத்தார்.

சிறையிலிருந்து அவன் மனைவிக்கு இரண்டு கடிதம் வந்தது. இரண்டிலும் எனக்கு ஒரு வரி. முதலாவதில், மூன்றாம் பாடத்தின் பிழையைக் கண்டுபிடித்துவிட்டானாம், வந்து சொல்வானாம். இரண்டாவதில், வழக்கு இல்லை என்று விடப் போகிறார்கள், மாசிக்குள் வருவேன் என்று இருந்தது. மாசியில் அவன் வரவில்லை. பங்குனியில் மனைவி போய்க் கேட்டார். விடுதலை செய்த திகதியைப் பதிவேட்டில் காட்டினார்கள். வாசலால் நடந்து போனவர், என்றார்கள். அந்த வாசலுக்கும் எங்கள் துறைக்கும் இடையில் எத்தனை சாவடி என்று எனக்குத் தெரியும். எண்ணி எழுதியும் வைத்திருந்தேன். அவன் எதில் நின்றான் என்பது யாருக்கும் தெரியாது.

மூன்றாம் வருடம் காணாமற்போனவர்களுக்கான படிவம் ஒன்று வந்தது. ஊரில் எல்லாருக்கும் நான்தான் படிவம் நிரப்புவேன். ஒரு ஐப்பசி ஞாயிறு அவன் மனைவி வீட்டுக்கு வந்தார். பெயர், வயது, தொழில் எழுதினேன். "கடைசியாகக் கண்ட திகதி" என்ற கட்டம் வந்தது.

"முகாமில பாத்த புதன்கிழமை, அண்ணே. நீங்களும் வந்தீங்களே. உங்களுக்குத்தான் திகதி தெரியும்."

பேனையை வைத்துவிட்டேன். அப்போதுதான் சொன்னேன். வியாழக்கிழமை நான் கோப்புகளைத் திறந்தது, விரல் போனது, பதினொரு வரி, பிறகு கண்டுபிடித்த பழைய கோப்புகள். ஒன்றையும் விடாமல், வரிசையாக. அவருக்குக் கணினி தெரியாது. ஆனால் சேமிப்பது என்றால் என்ன என்று கேட்கவில்லை. எல்லாம் விளங்கிக்கொண்டார்.

"அவருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது. சொல்ல ஒரு வழியும் கிடைக்கல்ல."

"மெசின் பழுதெண்டுதான் அவர் நினைச்சிருப்பாரு. நானும் அப்பிடித்தான் அவருக்கு எழுதினன்."

படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "மறுகா வாறன் அண்ணே," என்றார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கார்த்திகையில் அந்தப் படிவம் என் அலுவலக மேசைக்கு வந்தது, வேறு படிவங்களோடு ஒரு கட்டாக. வேறு யாரோ ஒருவரின் கையெழுத்து. குறைபாடுள்ளவற்றைத் திருப்பி அனுப்புவது என் வேலை. கடைசியாகக் கண்ட திகதி என்ற கட்டத்தில் புதன்கிழமையின் திகதி இல்லை. சனிக்கிழமையின் திகதி இருந்தது, அவன் சாப்பாட்டுப் பெட்டியோடு காலையில் அவருடைய வாசலைத் தாண்டிய நாள். முகாமின் வேம்பின் கீழ் அவர் கண்டதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அல்லது நானும் நின்ற ஒரு நாளை அந்தக் கட்டத்தில் வைக்க அவருக்கு மனமில்லை.

என் நாட்குறிப்பின்படி அது பிழை. நான் திருத்தவில்லை. சுருக்கொப்பமிட்டு மேலே அனுப்பினேன்.